சின்னத்தறியும் திண்ணைப் பள்ளியும்

சென்னைக்கு வருவோர் சிந்தாதிரிப்பேட்டையை மீன் அங்காடி கொண்டும், அச்சகங்கள் கொண்டும், பறக்கும் ரயில் நிலையம் கொண்டும் அறிகின்றனர். மூன்று புறமும் கூவம் வளைந்து செல்ல, இடையிலே நெருங்கிய தெருக்களோடு நிற்கும் இப்பேட்டை எதற்காக எழுந்தது, யாருக்காக எழுந்தது என்பதை அறிந்தோர் சிலர், அறியாதோர் பலர். அறிந்தோரும் அதை ஊர்ப்பெருமையாக எண்ணி மகிழ்வதோடு நின்றுவிடுகின்றனர். நாம் அதைக் கல்வியின் வரலாறாகக் காண்கிறோம். யார் எதைக் கற்கலாம், அதை முடிவு செய்பவர் யார், கற்பவனின் விருப்பத்துக்கு அங்கே இடமுண்டா என்ற வழக்கு இந்நாட்டிலே நெடுங்காலமாக நடந்துவருகிறது. அவ்வழக்கிலே சாட்சி சொல்லத் தகுதி பெற்ற ஊர்களில் ஒன்று சிந்தாதிரிப்பேட்டை.

கல்வி என்றதும் நம் கண்முன் நிற்பவை கட்டடம், மணியோசை, கரும்பலகை, தேர்வு, சான்றிதழ். ஆனால் மனிதகுலம் கற்றவற்றுள் பெரும்பகுதி இவற்றுக்கு வெளியே கற்றதே ஆகும். தறியடியில் கற்றான், திண்ணையில் கற்றான், சங்கக் கொட்டகையில் கற்றான், தேநீர்க்கடைப் பலகையிலே அமர்ந்து கற்றான். இப்படிக் கற்பதைப் போற்றுவோர் இரு வகையினர். கற்பவனுக்கு மேலும் ஒரு கதவு திறக்கட்டும் என்று போற்றுவோர் ஒரு வகை. பள்ளியின் கதவை அவன் முகத்தெதிரே சாத்திவிட்டு, ‘வெளியே கற்றுக்கொள், அதுவே உயர்ந்த கல்வி’ என்று போற்றுவோர் மற்றொரு வகை. சொல் ஒன்றாக இருக்கிறது. நோக்கமோ வேறாக இருக்கிறது. அந்த வேறுபாட்டை அறியாத இளைஞன் இனிய சொல்லுக்கு ஏமாந்து போவான். ஆகவே அதை விளக்க முற்படுகிறோம்.

தறிக்கென்று ஓர் ஊர்

ஆண்டு 1734. சென்னைக் கோட்டையிலே ஆளுநராக இருந்தவர் ஜார்ஜ் மார்ட்டன் பிட். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியது துணி. துணி வேண்டுமாயின் நெசவாளர் வேண்டும். அவர்கள் கோட்டைக்கு அருகே குடியிருக்கவும் வேண்டும். கம்பெனியின் தலைமை வணிகராக இருந்து, பின்னர் அப்பதவியை இழந்த சுங்குராமரின் தோட்டம் கூவத்தின் வளைவிலே இருந்தது. அந்நிலத்திலே நெசவாளருக்கென ஒரு பேட்டை எழுந்தது. சின்னத் தறிகள் நிறைந்த பேட்டை சின்னத்தறிப்பேட்டை. அப்பெயர் மருவியே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர்.

அங்கே யார் குடியேறலாம் என்பதற்கு விதியும் வகுத்தனர். நூற்போர், நெய்வோர், துணியிலே வண்ணம் தீட்டுவோர், வெளுப்போர், சாயம் தோய்ப்போர் வரலாம். கோயிலுக்கு வேண்டிய பார்ப்பனரும், ஆடல் மகளிரும், ஏவலரும் வரலாம். தறிக்கும் துணிக்கும் கோயிலுக்கும் தொடர்பில்லாதார்க்கு அங்கே இடமில்லை.

காண்பீர், வணிகக் கணக்கும் வருணக் கணக்கும் எவ்வளவு எளிதாகக் கைகோத்துக்கொண்டன என்பதை! வெள்ளைக்கார வணிகன் மனுநீதி படித்துவிட்டுக் கப்பலேறியவன் அல்லன். ஆயினும் தொழிலால் மனிதனை வகுத்து, வகுத்தபடியே குடியமர்த்தி, தந்தை செய்த தொழிலையே மகனும் செய்யும்படி விட்டுவிட்டால் சரக்குத் தவறாமல் வந்து சேரும் என்பதை அவன் அறிந்திருந்தான். பழைய வேலியைப் பிடுங்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. அந்த வேலிக்குள்ளேயே தன் கிடங்கைக் கட்டிக்கொண்டான்.

அப்பேட்டையிலே பிறந்த சிறுவன் கற்கவில்லையா? கற்றான். நடக்கத் தெரிந்த நாள் முதலே கற்றான். தார் சுற்றக் கற்றான். அறுந்த இழையை முடிச்சுத் தெரியாமல் பிணைக்கக் கற்றான். பாவுக்கு எத்தனை இழை, ஊடைக்கு எவ்வளவு நூல், எத்தனை முழத்துக்கு எவ்வளவு கஞ்சி என்று கணக்குக் கற்றான். பின்னர்த் தறிக்குழியிலே இறங்கி, காலால் மிதித்துக் கையால் நாடா எறிந்து, கண்ணாலே இழை எண்ணக் கற்றான். எந்தத் தேர்வாளர் வந்து சோதித்தாலும் வெல்லக்கூடிய தேர்ச்சி அது. தறியடியிலே பெற்ற அறிவைத் தாழ்ந்த அறிவென்று சொல்பவன் துணி உடுத்தத் தகுதியற்றவன்.

ஆனால் ஒரு கேள்வி. அச்சிறுவனுக்கு மரவேலையிலே ஆசை பிறந்திருந்தால்? விண்மீன்களைப் பற்றி அறிய வேண்டுமென்று தோன்றியிருந்தால்? கம்பெனியின் கணக்கேட்டைத் தானே படித்து, தன் தந்தைக்குத் தரவேண்டிய கூலி சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க விரும்பியிருந்தால்? அதற்கு வழி இல்லை. அவன் பெற்ற கல்வி ஆழமானது, கிணற்றைப் போல. கிணற்றிலிருந்து வானம் எவ்வளவு தெரியுமோ அவ்வளவே அவனுக்குத் தெரிந்த உலகம். அவனுடன் பிறந்த பெண்ணுக்கோ அந்தத் தறிக்குழியும் இல்லை. இராட்டையும் நூலும் பாவும் அவள் உழைப்பு; நெசவாளி என்ற பெயர் மட்டும் ஆணுக்கு.

இதன் விளைவு என்ன? 19ஆம் நூற்றாண்டிலே லங்காஷயர் ஆலைத் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. கைத்தறி தள்ளாடியது. பல தொழில் அறிந்தவன் ஒன்று போனால் ஒன்றைப் பற்றிக்கொள்வான். ஒன்றைத் தவிர வேறெதையும் கற்கவிடாமல் வளர்க்கப்பட்டவன் அந்த ஒன்று சாயும்போது உடன் சாய்ந்தான். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த திறமை அவனுக்குச் சோறிடவில்லை. ‘குலத்தொழில் கைவிடாது’ என்று கூறுவோர் நாடெங்கும் நெசவாளர் வீதிகளின் வரலாற்றைப் படிக்கட்டும்.

மணலில் எழுதிய எழுத்து

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கூவத்தைக் கடந்தால் எழும்பூர். அங்கே 1789ஆம் ஆண்டிலே வெள்ளைக்காரப் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கென ஓர் அனாதை விடுதிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் தலைவராக அமர்ந்தவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். பள்ளியிலே ஆசிரியர்கள் இருந்தனர். ஆனால் பிள்ளைகள் எழுத்துக் கற்கவில்லை. பெல் என் செய்வதென்று திகைத்திருந்தார்.

ஒருநாள் குதிரையேறிச் செல்கையில், தமிழ்ச் சிறுவர்கள் தரையிலே அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்தெழுதக் கண்டார். பலகையும் இல்லை, தாளும் இல்லை, செலவும் இல்லை. திரும்பிவந்து தம் ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்களோ அதை ஏற்கவில்லை. உடனே பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுச் சிறுவனை அழைத்துத் தன்னிலும் இளையோருக்கு மணலெழுத்துக் கற்பிக்கச் சொன்னார். பெரியவர்களால் முடியாததை அச்சிறுவன் முடித்துக் காட்டினான். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறை அங்கே உருவாயிற்று. பெல் 1796இல் தாயகம் திரும்பி, அடுத்த ஆண்டே அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயருடன் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளிலே பரவியது.

நம் திண்ணையிலே சட்டாம்பிள்ளை காலங்காலமாகச் செய்துவந்த வேலைதான் அது! வயது ஒன்றாயிருப்பதால் எல்லோரும் ஒரே பாடம் படித்தாக வேண்டும் என்ற விதி திண்ணையிலே இல்லை. ஒருவன் மணலிலே எழுத, மற்றொருவன் ஓலை பிடிக்க, வேறொருவன் எண்சுவடி ஒப்பிக்க, அவரவர் வேகத்திலே அவரவர் நடந்தனர். தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொன்னான். சொல்லும்போது தானும் தெளிந்தான். இன்றைய கல்வியறிஞர் பலபடப் பேசும் கருத்து இதுவே. பெல்லின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்திலே அடக்கம் செய்யப்பட்டது. மணலைப் பரப்பிய நம் வாத்தியாரின் பெயரோ எந்த ஏட்டிலும் இல்லை.

இதைக் கேட்டதும், ‘ஆகா, அந்தப் பொற்காலம்!’ என்று பெருமூச்செறிய முற்படுவோர் உண்டு. அவர்களைச் சற்றுப் பொறுக்கச் சொல்கிறோம். திண்ணை யாருடைய திண்ணை? ஊருக்குள் இருந்த வீட்டின் திண்ணை. சேரிப் பிள்ளை அத்தெருவிலேயே நடக்கக் கூடாது. திண்ணையிலே எப்படி அமர்வான்? அமர்ந்தவனுக்கேனும் கற்கும் ஆசையை ஊட்டினார்களா? பிரம்பை ஊட்டினார்கள். விடியலில் முதலில் வந்தவன் வேத்தான். பிந்தி வந்தவனுக்கு வரிசைப்படி அடி. கைகளைக் கட்டிக் கயிற்றிலே தொங்கவிடும் தண்டனைக்குக் ‘கோதண்டம்’ என்று புராணப் பெயர் வேறு! திண்ணையின் முறையிலே நன்மை இருந்தது; திண்ணையின் வாசலிலே நீதி இல்லை. நன்மையை எடுத்துக்கொள்வோம், அநீதியைத் தள்ளுவோம். பழமையை நாம் எடைபோட வேண்டிய தராசு இதுவே.

வீட்டிலே கற்றோர்

1822இலே சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்திலே எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர் என்று மாவட்டந்தோறும் கணக்கெடுக்கச் சொன்னார். அதன் முடிவை 1826 மார்ச்சிலே தம் குறிப்பில் தொகுத்தார். ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள். அவர்களுள் பள்ளியிலே படித்தோர் 1,88,650 பேர். அதாவது 67 பேருக்கு ஒருவர். அந்த 1,88,650இல் பெண்கள் 4,540 பேர்!

சென்னை நகரைப் பற்றிய கணக்கிலே வியப்பான செய்தி ஒன்று இருந்தது. பள்ளியிலே படிப்போரைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கினர் வீட்டிலேயே படிக்கின்றனர் என்றும், அவர்கள் ஏறக்குறைய 27,000 பேர் என்றும் கண்டிருந்தது. இவ்வெண்ணிலே பிழை இருக்கக்கூடும் என்று மன்றோவே ஐயுற்றார். எண் சற்றுக் கூடலாம், குறையலாம். ஆயினும் பள்ளிக்கு வெளியே பெருங்கூட்டம் கற்றுக்கொண்டிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அப்படியானால் பள்ளியே தேவையில்லை போலும் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். வீட்டிலே கற்க வேண்டுமாயின் வீட்டிலே கற்பிப்பவர் வேண்டும். தந்தை எழுத்தறிந்தவராக இருக்க வேண்டும். அல்லது வாத்தியாரை வீட்டுக்கு அழைத்துச் சம்பளம் கொடுக்கும் வசதி வேண்டும். ஏடு உள்ள வீட்டில் ஏடு பெருகியது. இருட்டு உள்ள வீட்டில் இருட்டே பெருகியது.

இது 200 ஆண்டுக்கு முந்திய செய்தி என்று ஒதுக்கவும் முடியாது. 2020 மார்ச்சிலே பெருந்தொற்று வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, ‘வீடே பள்ளி’ என்றனர். கைப்பேசியும் இணையமும் தனி அறையும் உள்ள வீடு பள்ளியாயிற்று. ஒரே அறையிலே ஆறு பேர் உறங்கும் வீட்டிலே பிள்ளை வேலைக்குப் போயிற்று. அந்த இழப்பை ஈடுசெய்யவே 2021இல் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கி, தெருவிலே உள்ள படித்த இளைஞரையும் பெண்களையும் தன்னார்வலராக்கி, மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்தது. வீட்டுக்கு வீடு வேறுபடும் நற்பேற்றை நம்பி ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளை விட்டுவிட முடியாது என்பதே மன்றோவின் கணக்கும் பெருந்தொற்றும் கற்பித்த பாடம்.

ஆசை பிறந்தது எப்படி?

மாணவனுக்கு ஆர்வமில்லை என்று குறைகூறுவோர் எக்காலத்தும் உண்டு. ‘அவர்களுக்குப் படிப்பு ஏறாது, அவர்களுக்கே அதில் நாட்டமில்லை’ என்று ஒரு கூட்டத்தாரையே ஒதுக்கித் தள்ளுவது மேட்டுக்குடியினரின் வழக்கம். நாட்டம் ஏன் இல்லை என்று ஆராய்ந்தோமா? பசித்த வயிற்றுக்கு எழுத்து ஏறாது என்பதை உணர்ந்தவர் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். நெசவுத் தொழிலோடு தொடர்புள்ள குடியிலே பிறந்து, பட்டமும் பெற்றவர் அவர். சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த அவர், 1920இலே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு நடுப்பகல் சிற்றுண்டி அளிக்கச் செய்தார். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. வராத பிள்ளைகள் வந்தனர். ‘நாட்டமின்மை’ என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது பசியே ஆகும்!

பசி தீர்ந்தால் மட்டும் போதுமா? கற்றால் தன் நிலை மாறும் என்ற நம்பிக்கையும் வேண்டும். பள்ளியின் உள்ளே இடம் பெறாத மக்களுக்கு அந்நம்பிக்கையைப் பள்ளிக்கு வெளியே ஊட்டியவர்களை எண்ணிப் பாருங்கள். 1907இலே இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற இதழைத் தொடங்கினார். பெயரிலேயே விலை! காசில்லை என்று சொல்லி எவனும் அறிவை இழந்துவிடக் கூடாது என்ற எண்ணம் அப்பெயரிலே ஒலிக்கிறது.

பெரம்பூரிலே வேறொரு காட்சி. பின்னி ஆலைத் தொழிலாளர் கூடிப் பக்திச் சொற்பொழிவு கேட்பதற்கென்று செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் ஒரு சபை நடத்திவந்தனர். சீவெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்பது அதன் பெயர். புராணம் கேட்க வந்த தொழிலாளி, தோழனோடு அமர்ந்தபோது தன் கூலியைப் பற்றிப் பேசினான். மேலாளரின் கொடுமையைப் பற்றிப் பேசினான். திரு.வி.க. அழைக்கப்பட்டார். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மறுமை இன்பத்தைப் பற்றிக் கேட்க வந்தவன், இம்மையின் உரிமையைக் கற்றுக்கொண்டு எழுந்தான். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத பாடம் அது. கற்பவனின் வாழ்க்கையே பாடநூலாகும்போது ஆர்வத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கடற்கரையில் இருந்த சிந்தனைச் சிற்பி சிங்காரவேலரின் வீடு ஒரு நூல்நிலையமாகவே விளங்கியது. மீனவர் குடியிலே தோன்றி வழக்கறிஞரான அவர், தாம் படித்த அறிவியலைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. ‘குடிஅரசு’ ஏட்டிலே, எளியோரும் அறியும்படி உலகின் தோற்றம், உயிர்களின் வளர்ச்சி முதலியவற்றை எழுதினார். கல்லூரி மாணவனுக்கே தமிழில் கிடைக்காத அறிவியல், அந்த ஏட்டின் வழியே தெருவிலே இருந்த தொழிலாளிக்குக் கிடைத்தது.

‘குடிஅரசு’ தோன்றியது 1925 மே 2ஆம் நாள். அதன் பின்னர்த் தமிழகத்தின் சிற்றூர்களிலும் நகர வீதிகளிலும் நடந்ததை நாம் மறக்கலாகாது. படிப்பகங்கள் எழுந்தன. பலகை ஒன்று, விளக்கு ஒன்று, ஏடுகள் நான்கு. இவ்வளவே அவற்றின் செல்வம். முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் வாய்விட்டுப் படிக்கப் பலர் சுற்றிலும் நின்றனர். படிக்கத் தெரியாதவர் கேட்டார், கேட்டவர் வினவினார், வினவியவர் வாதிட்டார், வாதிட்டவர், ‘அடுத்த வாரம் நானே படிக்க வேண்டும்’ என்று எழுத்துக் கூட்டத் தொடங்கினார். பரிசு காட்டி அழைக்கவில்லை. பிரம்பு காட்டி மிரட்டவில்லை. தன்னைப் பற்றி, தன் இழிவைப் பற்றி, அது நீங்கும் வழியைப் பற்றி அங்கே எழுதியிருக்கிறது என்பதை அறிந்தான், ஆகவே படித்தான்.

அந்தப் பள்ளியிலே படித்தவர்களின் வகைதான் எத்தனை! பெரியார் பத்து வயதளவிலே பள்ளியை விட்டவர். தந்தையின் வீட்டுக்கு வந்த பாகவதர்களையும் பண்டிதர்களையும் கேள்வி கேட்டே தருக்கம் பயின்றவர். காமராசர் தொடக்கப் படிப்போடு நின்று, மாமன் துணிக்கடையிலே அமர்ந்து, செய்தித்தாளிலும் பொதுக்கூட்டத்திலும் உலகம் கற்றவர். ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியைத் துறந்து, சென்னையிலே பொதுவுடைமைக் கட்சியின் அலுவலகத்திலும் அச்சகத்திலும் வளர்ந்து இலக்கியம் படைத்தவர். ஒருவருக்குத் தருக்கம் பள்ளி. மற்றவருக்குக் கூட்டம் பள்ளி. இன்னொருவருக்கு அச்செழுத்துப் பள்ளி. கற்கும் வழி ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அரைநாள் பள்ளியின் சூது

வெளியே கற்பது இவ்வளவு சிறந்ததாயின், 1953இலே நாம் ஏன் எதிர்த்து எழுந்தோம்? இக்கேள்வியைக் கேட்போர் இன்றும் உளர். பதில் சொல்வது நம் கடமை.

அவ்வாண்டு சென்னை மாநில முதலமைச்சர் ஆச்சாரியார் ஒரு திட்டம் கொண்டுவந்தார். சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு 3 மணி நேரமே பாடம். எஞ்சிய பொழுதிலே மகன் தந்தையின் தொழிலையும், மகள் வீட்டு வேலையையும் கற்க வேண்டும். காரணமும் சொன்னார். பள்ளி போதவில்லை, ஆசிரியர் போதவில்லை, பணம் போதவில்லை. சேர்ந்த பிள்ளைகளும் பாதியிலே நின்றுவிடுகின்றனர். இருவேளை முறை வைத்தால் அதே பள்ளியிலே இரு மடங்குப் பிள்ளைகள் படிக்கலாம். கையும் கருத்தும் சேர்ந்து வளரும் என்றார். இக்காரணங்கள் பொய் என்று நாம் சொல்லவில்லை. பள்ளி பற்றாக்குறை உண்மை. கைத்தொழிலின் உயர்வும் உண்மை.

ஆனால் பிள்ளையைப் பார்த்து, ‘உனக்கு எத்தொழிலிலே விருப்பம்?’ என்று அத்திட்டம் கேட்கவில்லை. ‘உன் தந்தை என்ன தொழில் செய்கிறார்?’ என்று கேட்டது. அந்த ஒரு கேள்வியிலே சூது முழுவதும் அடங்கிவிட்டது! வெளுப்பவர் மகன் வெளுக்கட்டும், சிரைப்பவர் மகன் சிரைக்கட்டும், மலம் அள்ளுவோர் மகன் மலம் அள்ளக் கற்கட்டும். வழக்கறிஞர் மகனோ நகரத்திலே முழுநாளும் படிக்கட்டும் என்பதல்லவா அதன் முடிவு? 1734இலே கூவக்கரையில் கம்பெனி போட்ட வேலியை, 1953இலே சிற்றூர்தோறும் அரசின் அதிகாரத்தோடு போட முயன்றனர். அதைக் ‘குலக்கல்வி’ என்று நாட்டுமக்கள் அழைத்தது பொருத்தமே.

கிளர்ச்சி மூண்டது. 1953 ஜூலையிலே தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இத்திட்டத்தை எதிர்த்தே அமைந்தது. முதலமைச்சர் வீட்டின் முன் மறியல் செய்தோர் சிறை புகுந்தனர். அம்மாத இறுதியிலே சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138! நிறுத்திவைத்து வல்லுநர் ஆய்வுக்கு விடவேண்டும் என்ற தீர்மானமோ 139க்கு 137 என வென்றது. பருலேகர் தலைமையில் அமைந்த குழு திட்டத்துக்கு ஆதரவாகவே அறிக்கை தந்தது. ஆனால் மக்களின் தீர்ப்பு மாறவில்லை. 1954இலே பெரியாரின் தொண்டர்கள் நாகப்பட்டினத்திலிருந்து சென்னை நோக்கி நடந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் ஆச்சாரியார் விலக, காமராசர் முதலமைச்சரானார். மே 18ஆம் நாள் திட்டம் கைவிடப்பட்டது.

எண்ணிப் பாருங்கள்! கல்லூரி கண்ட மேதை பள்ளியைப் பாதியாக்க முனைந்தார். பள்ளியைப் பாதியிலே விட்டவர் அதை முழுதாக்கினார். காமராசருக்குத் தெரியும், பள்ளிக்கு வெளியே தாம் எவ்வளவு கற்றோம் என்பது. பள்ளி கிடைக்காததால் எவ்வளவு இழந்தோம் என்பதும் அவருக்கே தெரியும். வெளியே கற்று உயர்ந்த ஒருவரைக் காட்டி, ‘பார், பள்ளி வேண்டாம்’ என்று சொல்பவன், கரையேறிய ஒருவனைக் காட்டி ஆற்றுக்குப் பாலம் வேண்டாம் என்பவனை ஒப்பான். மூழ்கியோரை யார் எண்ணினார்கள்?

விருப்பமே வழிகாட்டி

பிறப்பு தீர்மானிக்கும்போது வெளிக்கல்வி சிறை. விருப்பம் தீர்மானிக்கும்போது அதுவே சிறகு. இதற்குப் புதுக்கோட்டை ஒரு சான்று. 1991இலே அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. வயதுவந்த பெண்கள், வயலிலும் கல்லுடைக்கும் இடத்திலும் உழைத்தவர்கள், மாலையிலே எழுத்துக் கற்க வந்தனர். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், மிதிவண்டி ஓட்டக் கற்பதையும் அவ்வியக்கத்தோடு இணைத்தார். ஏடு பிடிக்கும் வகுப்புக்கும் வண்டி பிடிக்கும் பயிற்சிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நகைத்தனர். வண்டியேறிய பெண்ணை ஏளனம் செய்தனர். ஆயினும் பல்லாயிரம் பெண்கள் கற்றனர். தண்ணீர் சுமக்க, சந்தைக்குச் செல்ல, பிள்ளையைப் பள்ளியிலே விட, எந்த ஆணின் துணையும் வேண்டாம் என்ற நிலை வந்தது. எழுத்தும் சக்கரமும் ஒரே விடுதலையின் இரு கால்களாயின. கற்றதன் பயனை அன்றே, அந்தத் தெருவிலேயே கண்டவள் மறுநாள் வகுப்புக்குத் தானே வருவாள்.

சிந்தாதிரிப்பேட்டைக்கே திரும்புவோம். அண்ணா சாலையை ஒட்டி ரிச்சி தெரு இருக்கிறது. வானொலிப் பாகங்களில் தொடங்கிக் கணினி, கைப்பேசி வரை மின்னணுக் கருவிகள் குவிந்த அங்காடி அது. அங்கே பழுதுநீக்கும் இளைஞர் பலர், சுற்றுப்பலகையின் நுணுக்கத்தைக் கடை மேசையிலே, மூத்தவரின் தோளுக்குப் பின்னால் நின்று கற்றவர்கள். கூவத்துக்கு மறுபுறம் புதுப்பேட்டையிலே பழைய வண்டிகளைக் கழற்றிப் பிரிப்போரும் அவ்வாறே. பற்றவைப்பைப் பிடிக்கும் அக்கை எந்தக் குலத்தின் கை என்று எந்தச் சாத்திரமும் எழுதிவைக்கவில்லை, எவரும் கற்கலாம். ஆனால் அங்கும் ஒரு குறை இருக்கிறது. திறமை கையிலே இருக்கிறது. அதற்குச் சான்று இல்லை. கருவி பழுதானது ஏன் என்ற அறிவியல், ஆங்கிலக் கையேட்டிலே பூட்டிக் கிடக்கிறது. பெண்களை அம்மேசைகளில் காண்பது அரிது. மேசையிலே கற்றவனுக்குப் பள்ளியின் கதவும், பள்ளியிலே கற்றவனுக்கு மேசையின் கதவும் திறக்கும் நாளே நாம் வேண்டும் நாள்.

பழைய கேள்வி செத்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2023இலே ஒன்றிய அரசு கைவினைஞருக்கென ‘விஸ்வகர்மா’ திட்டம் கொண்டுவந்தது. கடனும் பயிற்சியும் கருவியும் தருகிறோம் என்றது, நல்லதே. ஆனால் குடும்பத்தின் வழிவழித் தொழிலைச் செய்பவராக இருக்கவேண்டும் என்ற விதியும் அதனுள் இருந்தது. வயது 18 ஆனால் போதும் என்றது. கல்லூரிக்குப் போகவேண்டிய வயதிலே தந்தையின் தொழிலுக்கு அழைப்பா என்று கேட்ட தமிழ்நாடு அரசு, 2024 நவம்பரில் அத்திட்டத்தை அவ்வடிவில் ஏற்க மறுத்தது. 35 வயது நிறைந்தோருக்கு, குலம் கேளாமல் உதவும் வேறொரு திட்டத்தை 2025இலே தொடங்கியது. 1953இன் கேள்வி 70 ஆண்டு கழித்தும் அதே சொற்களோடு வந்து கதவைத் தட்டுகிறது. கேட்டதும் அடையாளம் கண்டுகொள்ளும் செவி நமக்கு வேண்டும்.

இளைஞர்களே! பிள்ளைகள் பலவிதம், ஆகவே கல்வியும் பலவிதமாக இருக்கட்டும் என்று யாரேனும் இனிக்கப் பேசினால், மகிழ்ந்து கேளுங்கள், கேட்டபின் ஒன்று வினவுங்கள். அப்பலவிதத்தை வகுப்பது பிள்ளையின் விருப்பமா, அவன் பிறந்த தெருவா? விருப்பம் என்றால் தோள்கொடுங்கள். தெரு என்றால் எதிர்த்து நில்லுங்கள்.

எதிர்ப்போடு நம் வேலை முடிவதில்லை. சுதந்திர இந்தியாவிலே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது, ஆண்டு 1948. நூலகம் இருக்கிறது, உள்ளே செல்லும் இளைஞன் எங்கே? உங்கள் தெருவிலே பள்ளியை விட்டு நின்ற பிள்ளை எத்தனை பேர் என்று எண்ணியிருக்கிறீர்களா? மாலையிலே ஒரு விளக்கும் ஒரு பலகையும் போட உங்களால் முடியாதா? அங்கே வருபவனின் சாதியைக் கேளாதீர்கள். தந்தையின் தொழிலைக் கேளாதீர்கள். ‘உனக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?’ என்று கேளுங்கள். அக்கேள்வியை இதுவரை எவரும் அவனிடம் கேட்டதில்லை. கேட்டுப் பாருங்கள், அவன் சொல்லும் பதிலிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.